எந்தக் கோர்ட்டு வாசல்ல போய் நிக்கிறது?

போன மாசம் ஒரு நாள் காலங்காத்தால அஞ்சரை மணிக்கு ஃபோன். அண்ணன் மகன், நியூ ஜெர்சியிலிருந்து. அங்கே அப்போ ராத்திரி எட்டு மணி.

"சித்தப்பா, கேஸ் போயிடுச்சு."

"தோத்துட்டியா?"

"தோத்திருந்தா கூடப் பரவாயில்ல சித்தப்பா. விசாரிக்கவே இல்ல. இது உன் கோர்ட்டு இல்ல, வேற கோர்ட்டுக்குப் போன்னு தள்ளிட்டாங்க. பதினோரு மாசம் கழிச்சு!"

விஷயம் இதுதான். அவனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறார்கள். அமெரிக்காவில் எல்.எல்.சி. என்று சொல்வார்கள். லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி. நம்மூர்ப் பங்குதாரர் கடைக்கும் லிமிடெட் கம்பெனிக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பலரும் செய்கிற மாதிரி இவர்களும் டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி வேலையை வாங்கிக்கொண்டு பில்லுக்குப் பணம் தரவில்லை. பையன் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனான். போன இடத்தில்தான் இந்தக் கூத்து.

நான் வக்கீல் இல்லை. பேங்கில் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவன். ஆனால் அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு எங்க அப்பா ஞாபகம், காவிரி ஞாபகம். அமெரிக்க எல்.எல்.சி.க்கும் மன்னார்குடி நாற்றங்காலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அமெரிக்கா

அங்கே இரண்டு வகைக் கோர்ட்டு. மாநிலக் கோர்ட்டு, ஃபெடரல் கோர்ட்டு. சாதாரணக் கொடுக்கல் வாங்கல் தகராறு எல்லாம் மாநிலக் கோர்ட்டுக்குத்தான். ஆனால் வழக்குப் போடுகிறவர் ஒரு மாநிலத்துக்காரர், எதிராளி இன்னொரு மாநிலத்துக்காரர் என்றால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம். இதற்கு 'டைவர்சிட்டி ஜூரிஸ்டிக்‌ஷன்' என்று பெயர். 1789-லிருந்து இருக்கிற ஏற்பாடு. இன்றைக்கு வழக்குத் தொகை 75,000 டாலருக்கு மேல் இருக்கவேண்டும்.

ஏன் இப்படி? உள்ளூர்க் கோர்ட்டு உள்ளூர்க்காரன் பக்கம் சாய்ந்துவிடுமோ என்கிற பயம். அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனை உண்டு. இந்தப் பக்கம் இருக்கும் ஒருவரும் அந்தப் பக்கம் இருக்கும் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது. பத்துக்குப் பத்து பேர் நின்றாலும், ஒரு ஜோடி ஒத்துப்போனால் போச்சு. இது 1806-ல் ஸ்ட்ராபிரிட்ஜ் எதிர் கர்ட்டிஸ் என்ற வழக்கில் வந்த விதி.

சரி, கம்பெனி எந்த மாநிலத்துக்காரர்? கார்ப்பரேஷன் என்றால் இரண்டு ஊர்: பதிவான மாநிலம், தலைமை அலுவலகம் இருந்து நடத்தப்படும் மாநிலம். எல்.எல்.சி.க்கு அப்படி இல்லை. அதற்கென்று தனி ஊரே கிடையாது. அதன் உறுப்பினர்கள் எந்தெந்த மாநிலத்துக் குடிமக்களோ, அத்தனை மாநிலமும் அதன் ஊர். உறுப்பினரே இன்னொரு எல்.எல்.சி.யாக இருந்தால் அதையும் உரித்து அதற்குள் இருக்கும் ஆளைப் பார்க்கவேண்டும். வெங்காயம் உரிக்கிற மாதிரி! கூட்டு நிறுவனங்களைப் பற்றி 1990 பிப்ரவரி 27-ல் கார்டன் எதிர் அர்கோமா என்ற வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு சொன்னதை வைத்து, ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகள் எல்.எல்.சி.க்கும் இப்படித்தான் என்று ஒருமிக்கச் சொல்லிவிட்டன. 2022 டிசம்பரிலிருந்து இப்படிப்பட்ட வழக்குகளில் யார் யார் எந்த மாநிலம் என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும் என்று விதியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

நம்ம பையன் தரப்பு மனுவில் 'டெலவேரில் பதிவான எல்.எல்.சி.' என்று மட்டும் எழுதியிருக்கிறது. எதிராளி வக்கீல் உரித்துப் பார்த்தார். உள்ளே யார்? நம்ம பையன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாச்சு, வீடு நியூ ஜெர்சி. எதிராளி கம்பெனியும் நியூ ஜெர்சி. கதை முடிந்தது.

"கெடுத்ததே நான்தான் சித்தப்பா" என்றான்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த அதிகாரக் குறையை எப்போது வேண்டுமானாலும் கிளப்பலாம். 1804-ல் கேப்ரன் எதிர் வான் நூர்டன் என்று ஒரு வழக்கு. வழக்குப் போட்டவர் கீழ்க்கோர்ட்டில் தோற்றார். மேலே போய், 'ஐயா, என் வழக்கை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை' என்று அவரே வாதாடினார். சுப்ரீம் கோர்ட்டும் ஆமாம் என்று தீர்ப்பை ரத்து செய்துவிட்டது!

நம்மூரில் எப்படி?

நமக்கு இந்தத் தலைவலி இல்லை. தமிழ்நாட்டுக் குடிமகன், கர்நாடகக் குடிமகன் என்று நம் அரசியல் சாசனத்தில் கிடையாது. எல்லாரும் இந்தியக் குடிமக்கள். கோர்ட்டும் ஒரே ஏணிதான். கீழே முன்சீப் கோர்ட்டு, மேலே சுப்ரீம் கோர்ட்டு. தஞ்சாவூர் நெல் வியாபாரி பெங்களூர்க் கம்பெனி மேல் வழக்குப் போட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் 20-ஆம் பிரிவு கேட்கிற கேள்வி வேறு: எதிராளி எங்கே குடியிருக்கிறார், எங்கே தொழில் செய்கிறார், வழக்குக்கான காரணம் எங்கே உண்டாயிற்று? தஞ்சாவூரில் சரக்கு இறங்கி, தஞ்சாவூரில் பணம் தரவேண்டியிருந்தால் தஞ்சாவூர்க் கோர்ட்டிலேயே போடலாம். உள்ளே யார் யார் பங்குதாரர் என்று யாரும் உரித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒரே ஒரு சமாச்சாரத்தில் மட்டும் நாமும் 'நீ எந்த மாநிலம்' என்று கேட்கிற இடத்துக்கு வந்து நிற்கிறோம். அது ஆற்றுத் தண்ணீர்.

மூணாம் ஊர்க்காரர்

எங்க ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. கடைமடை. அப்பாவுக்கு நாலு ஏக்கர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு மூணு நாள், அப்புறம் வெண்ணாற்றில் விழுந்து, கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று தேய்ந்து தேய்ந்து எங்க வயலுக்கு வர மேலும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வந்தால்!

மேல ஊர்க்காரர்கள் ராத்திரியில் வாய்க்காலுக்குக் குறுக்கே மூங்கில் முட்டுக் கொடுத்து வைக்கோல் போட்டு அடைப்பார்கள். எங்க ஊர் ஆட்கள் போய்ப் பிடுங்குவார்கள். லஸ்கர் பாவம் இரண்டு பக்கமும் திட்டு வாங்குவார். மண்வெட்டி தூக்கிய சண்டை எல்லாம் நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன்.

அப்போது பஞ்சாயத்து எப்படி நடக்கும் தெரியுமா? மேல ஊர் நாட்டாண்மையும் பேசக்கூடாது, எங்க ஊர் நாட்டாண்மையும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அந்த வாய்க்காலில் ஒரு குழி நிலம் கூட இல்லாத மூணாம் ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூப்பிடுவார்கள். அவர் சொல்வதுதான் முறை. இத்தனை நாழிகை உனக்கு, இத்தனை நாழிகை அவனுக்கு.

அமெரிக்காக்காரன் ஃபெடரல் கோர்ட்டு என்று பெரிய பெயர் வைத்திருப்பது இந்த மூணாம் ஊர்க்காரருக்குத்தான்.

ஆனால் எங்க வாய்க்கால் பஞ்சாயத்தில் ஒரு சங்கடம் இருந்தது. மூணாம் ஊர்க்காரரை நாட்டாண்மைதான் கூப்பிட முடியும். எங்க அப்பா மாதிரி நாலு ஏக்கர்க்காரர் தனியாகப் போய், 'ஐயா என் நாத்து காயுது, வந்து பாருங்க' என்று சொல்ல முடியாது. நாட்டாண்மைக்கு மேல ஊரில் சம்பந்தி உண்டு. கடைத்தெருவில் பாக்கி உண்டு. அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான் கூப்பிடுவார்.

இந்த ஒரு சங்கடம்தான் காவிரி வழக்கின் பாதிக் கதை.

மெட்ராஸும் மைசூரும்

காவிரித் தகராறுக்கு முதல் காகிதம் 1892 பிப்ரவரி 18. மெட்ராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தம். குறிப்பிட்ட ஆறுகளில் மெட்ராஸின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய அணை கட்டக்கூடாது, ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தம். 1910 வாக்கில் மைசூர் கண்ணம்பாடியில் பெரிய அணை கட்டத் திட்டம் போட்டபோது மெட்ராஸ் மறுத்தது. மத்தியஸ்தராக அலகாபாத் ஐகோர்ட் நீதிபதி கிரிஃபின் வந்தார். பாருங்கள், அப்போதும் மூணாம் ஊர்க்காரர்தான்! 1914-ல் அவர் தீர்ப்பு சொன்னார். மெட்ராஸுக்குப் பிடிக்கவில்லை. லண்டனில் இருந்த இந்தியா மந்திரி வரைக்கும் அப்பீல் போனது. கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி 1924 பிப்ரவரி 18-ல் இன்னொரு ஒப்பந்தம். அதன் பிறகுதான் கண்ணம்பாடியும் (கிருஷ்ணராஜ சாகர்) 1934-ல் மேட்டூரும் முழுசாக எழுந்தன. 50 வருஷம் கழித்து, அதாவது 1974-ல், சில ஷரத்துகளை மறுபடி பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

சுதந்திரம் வந்தது. சாசனம் எழுதினார்கள். அங்கேதான் நம் ஆட்கள் அமெரிக்காவிலிருந்து விலகினார்கள். அமெரிக்காவில் இரண்டு மாநிலம் ஆற்றுக்குச் சண்டை போட்டால் நேராக சுப்ரீம் கோர்ட்டே விசாரிக்கும். கன்சாஸ், கொலராடோ சண்டையை 1907-லேயே விசாரித்து முடிவு சொன்னது. நம் சாசனத்திலும் 131-ஆவது பிரிவு இருக்கிறது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் தகராறு என்றால் நேராக சுப்ரீம் கோர்ட்டு. ஆனால் 262-ஆவது பிரிவு தண்ணீருக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. பாராளுமன்றம் தனிச் சட்டம் போடலாம், சுப்ரீம் கோர்ட்டு உட்பட எந்தக் கோர்ட்டும் தலையிடக்கூடாது என்றும் அதில் சொல்லலாம். அப்படி வந்ததுதான் 1956-ஆம் வருஷத்து மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறு சட்டம். அதன் 11-ஆவது பிரிவு கோர்ட்டுகளின் கதவைச் சாத்தியது.

பதிலுக்கு என்ன வாசல்? நடுவர் மன்றம். மாநில அரசு புகார் கொடுக்கவேண்டும். பேசித் தீர்க்க முடியாது என்று மத்திய அரசு கருதினால் நடுவர் மன்றம் அமைக்கவேண்டும். அதில் உட்காருபவர்கள், இந்தியத் தலைமை நீதிபதி பெயர் சொல்லும் சுப்ரீம் கோர்ட்டு அல்லது ஐகோர்ட் நீதிபதிகள். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் படியுங்கள்: தகராறு என்றாலே அந்தச் சட்டத்தில் அரசுக்கும் அரசுக்கும் இடையே உள்ள தகராறுதான். அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களின் நலன் பாதிக்கப்பட்டால் என்று 3-ஆவது பிரிவில் ஒரு வார்த்தை வருகிறது. அங்கேதான் எங்க அப்பா இருக்கிறார். பாதிக்கப்படுகிறவராக. புகார் கொடுக்கிறவராக அல்ல.

எல்.எல்.சி. கதையை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அங்கே கம்பெனியை உரித்து உள்ளே இருக்கும் ஆளைத் தேடுகிறார்கள். இங்கே ஆட்களை எல்லாம் உள்ளே போட்டு மாநிலம் என்று ஒரு மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். மூட்டைதான் பேசும்.

மூட்டை பேசாத வருஷங்கள்

கர்நாடகம் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று அணைகளைக் கட்ட ஆரம்பித்தது. 1970 பிப்ரவரியில் தமிழ்நாடு நடுவர் மன்றம் கேட்டது. கிடைக்கவில்லை. 1971-ல் 131-ஆவது பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டில் வழக்கே போட்டது. 1972-ல் பேசித் தீர்க்கலாம் என்று டெல்லி சொல்லி, அந்த வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். அப்போது முதல்வர் கருணாநிதி, பிரதமர் இந்திரா காந்தி. திரும்பப் பெற்றது சரியா தப்பா என்று தமிழ்நாட்டு அரசியல் மேடைகளில் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அடித்துக்கொள்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. (பின்னூட்டத்தில் நீங்களும் போகாதீர்கள், புண்ணியமாப் போகும்!)

உண்மை கண்டறியும் குழு வந்தது. மந்திரிகள் பேசினார்கள். முதல்வர்கள் பேசினார்கள். 1974 வந்து போனது. எண்பதுகளின் ஆரம்பத்தில் எங்க பக்கம் குறுவை என்பதே சந்தேகமாகிவிட்டது. நாற்று விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது, பிறகு அந்த நாற்றையே மாட்டுக்கு அறுத்துப் போடுவது. அப்பா ஒரு வருஷம் அப்படி அறுத்துப் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"ஏண்டா, நீதான் பேங்கில வேலை பாக்குற, படிச்சவன். நாம நேரா கோர்ட்டுக்குப் போகக் கூடாதா? கவர்மெண்ட்தான் போகணுமா?"

எனக்கு பதில் தெரியவில்லை. "அதெல்லாம் பெரிய விஷயம்ப்பா" என்று சொல்லித் தப்பித்தேன். இன்றைக்கும் அந்தப் பதில் உறுத்தும்.

நீளமான பெயர் கொண்ட சங்கம்

அப்பா கேட்ட அதே கேள்வியைத் தஞ்சாவூர் விவசாயிகள் சிலர் டெல்லியிலேயே போய்க் கேட்டார்கள். 1983 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் 32-ஆவது பிரிவின்படி ஒரு ரிட் மனு. போட்டது, 'தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம்'. மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே எழுதி, சட்ட அறிக்கைப் புத்தகங்களில் தலைப்பாக அச்சடித்திருக்கிறார்கள். வடக்கே எத்தனை வக்கீல்கள் இந்தப் பெயரைச் சொல்லத் திணறியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான் :-)

இந்த வழக்கோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் மன்னார்குடி எஸ்.ரங்கநாதன். டெல்டா விவசாயிகளிடையே தெரியாதவர் இல்லை. அப்போது தஞ்சாவூர் ஒரே ஜில்லா. நாகப்பட்டினம் 1991-லும், மன்னார்குடியையும் சேர்த்துத் திருவாரூர் 1997-லும்தான் பிரிந்தன.

இந்த மனுவுக்கு எதிரே என்ன தடை? எல்லாமேதான். தண்ணீர்த் தகராறு என்றால் மாநிலம்தான் பேசவேண்டும். நீ ஒரு சங்கம். தண்ணீர்த் தகராறில் சுப்ரீம் கோர்ட்டு தலையிடக்கூடாது. 11-ஆவது பிரிவு இருக்கிறது. பையனுடைய கேஸ் மாதிரி முதல் நாளே 'இது உன் வாசல் இல்லை' என்று அனுப்பியிருக்கலாம்.

அனுப்பவில்லை. ஆனால் தீர்ப்பும் சொல்லவில்லை. பேசிப் பாருங்கள் என்று வாய்தா மேல் வாய்தா. 1986 ஜூலையில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழ்நாடு அரசு மத்திய அரசிடம் நடுவர் மன்றம் கேட்டு முறையாக எழுதியது. விவசாயிகள் சங்கத்தின் வழக்கிலும் சங்கத்தின் பக்கமே நின்றது. இது ரொம்ப முக்கியமான திருப்பம். நாலு ஏக்கர்க்காரன் முதலில் போய் வாசலில் நின்றான். நாட்டாண்மை பின்னால் வந்து 'ஆமாம், நானும்தான் கேட்கிறேன்' என்று சொன்னார்.

1990 மே 4. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. சங்கம் இப்படி மனுப் போடலாமா என்ற ஆட்சேபத்தை வைத்துக் கோர்ட்டு கதவைச் சாத்தவில்லை. மாநில அரசே முழுதாக ஆதரித்து, தானும் கேட்டிருக்கும்போது அதைப் பெரிதாக்க வேண்டாம் என்பதுதான் சாரம். அடுத்தது தண்ணீர். அதைப் பங்கு போடுவது கோர்ட்டு வேலை இல்லை. ஆனால் பேச்சுவார்த்தையில் தீராது என்பது இத்தனை வருஷத்தில் வெட்ட வெளிச்சம். அப்படியானால் நடுவர் மன்றம் அமைப்பது மத்திய அரசின் கடமை. ஒரு மாதத்துக்குள் அமை என்று உத்தரவு.

கவனியுங்கள். வீட்டுக்குள் நுழையாதே என்று சட்டம் சொன்னது. கோர்ட்டு நுழையவில்லை. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவரைப் பார்த்து 'கதவைத் திற' என்று மட்டும் சொன்னது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சாமர்த்தியமாக ஓர் அதிகார வரம்புச் சிக்கலை அவிழ்த்ததில்லை.

1990 ஜூன் 2-ல் நடுவர் மன்றம் அமைந்தது. தலைவர் பம்பாய் ஐகோர்ட் தலைமை நீதிபதி சித்ததோஷ் முகர்ஜி. மூணாம் ஊர்க்காரர் வந்துவிட்டார். 1970-ல் கேட்டது, இருபது வருஷம் கழித்து.

அமெரிக்காவில் கம்பெனியை உரித்துப் பார் என்று அந்தத் தீர்ப்பு வந்ததும் இதே 1990. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அப்புறமும் வாசல் சண்டைதான்

நடுவர் மன்றம் வந்தால் தண்ணீர் வந்துவிடுமா? தமிழ்நாடு இடைக்கால நிவாரணம் கேட்டது. 1991 ஜனவரியில் மன்றமே சொன்னது: இடைக்கால உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. மறுபடி சுப்ரீம் கோர்ட்டு. ஏப்ரலில், 'உண்டு, விசாரி' என்றது. ஜூன் 25-ல் உத்தரவு வந்தது: ஜூன் முதல் மே வரை ஒரு வருஷத்துக்கு மேட்டூருக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) கர்நாடகம் உடனே அந்த உத்தரவைச் செல்லாததாக்க அவசரச் சட்டம் போட்டது. ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்டிடம் கருத்துக் கேட்டார். 1991 நவம்பர் 22-ல் அவசரச் சட்டம் செல்லாது என்று பதில். டிசம்பரில் உத்தரவு கெஜட்டில் வந்தது. பெங்களூரில் தமிழர்கள் அடி வாங்கினார்கள். கெஜட்டில் ஒரு பக்கம் அச்சானதற்கு வீடு இழந்து வந்தவர்கள் உண்டு. எந்தக் கோர்ட்டு என்கிற கேள்வி வெறும் வக்கீல் விளையாட்டு இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5. மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி சுற்றுச்சூழலுக்கும் கடலுக்கும். அப்பா அதைப் பார்க்கவில்லை. 2006-லேயே போய்விட்டார். அந்தத் தீர்ப்பு கெஜட்டில் ஏற 2013 பிப்ரவரி ஆயிற்று.

மாநிலங்கள் அப்பீல் போயின. அங்கேயும் முதல் கேள்வி எது என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் அதுவேதான்! நடுவர் மன்றத் தீர்ப்பு சுப்ரீம் கோர்ட்டின் டிக்ரிக்குச் சமம் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆகவே அப்பீலைக் கேட்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய அரசு வாதாடியது. 2016 டிசம்பர் 9-ல் கோர்ட்டு, 136-ஆவது பிரிவில் எனக்குள்ள அதிகாரம் போகாது, கேட்பேன் என்றது. 2018 பிப்ரவரி 16-ல் கடைசித் தீர்ப்பு. பிலிகுண்டுலுவில் தரவேண்டியது 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. அந்த 14.75 கர்நாடகத்துக்கு, அதில் 4.75 பெங்களூரின் குடிநீரை உத்தேசித்து, மீதி 10 நம்ம டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்கிற கணக்கில். கடைமடையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிற ஊர்க்காரன் என்பதால் அந்தப் பத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அதே வருஷம் ஜூன் 1-ல் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது.

மூட்டையை அவிழ்த்தவர்கள்

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இந்தக் கதையில் மண்டியா விவசாயியும் எங்க அப்பா மாதிரிதான். அவருக்கும் மூட்டைதான் பேசும். கண்ணம்பாடியில் தண்ணீர் இல்லாத வருஷம் அவர் யார் வாசலில் போய் நிற்பார்?

2003-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் இரண்டு பக்க விவசாயிகளும் சேர்ந்து 'காவிரிக் குடும்பம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இங்கிருந்து அதே மன்னார்குடி ரங்கநாதன், அங்கிருந்து கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தின் புட்டண்ணையா. இவர்கள் அங்கே போய் வயலைப் பார்த்தார்கள், அவர்கள் இங்கே வந்து கடைமடையைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சட்டத்தில் ஒரு அதிகாரமும் கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் திறக்க முடியாது. ஆனால் காவிரிச் சண்டையின் இத்தனை வருஷ வரலாற்றில் மூட்டையை அவிழ்த்து ஆளோடு ஆள் பேசினது எனக்குத் தெரிந்து அங்கேதான்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு விவசாயிகள் சங்க ரசீது இருந்தது. அந்தக் காலத்தில் எங்க பக்கம் இருந்த பல சங்கங்களில் ஒன்று. சந்தா இரண்டு ரூபாய். நிலப்பட்டா இருந்த அதே பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்திருந்தார். திண்ணையில் என்னைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லாததால் வேறு இடத்தில் கேட்கப் போயிருக்கிறார் மனுஷன்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தாத்தா கேஸு இருபது வருஷம் வாசல்லயே நின்னுதா?"

"ஆமாம்ப்பா. உனக்குப் பதினோரு மாசம்தானே. மாநிலக் கோர்ட்டுல போய் போடு. இந்தத் தடவை உள்ள யாரு இருக்காங்கன்னு முதல்லயே எழுதிடு."

சிரித்தான். போட்டுவிட்டானாம். தேதி வந்திருக்கிறது.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அமெரிக்காவில் எல்.எல்.சி. வைத்திருக்கும் மக்கள் இதைப் படித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போகவேண்டாம், வக்கீலிடம் போங்கள். டெல்டாக்காரர்கள் அவரவர் ஊர் வாய்க்கால் பஞ்சாயத்துக் கதை இருந்தால் எழுதுங்கள். முக்கியமாக, உங்க ஊரில் மூணாம் ஊர்க்காரரை யார் கூப்பிட முடிந்தது என்று.